சிறு தீவு நாடுகள் தங்கள் இறையாண்மையை விற்கின்றனவா? வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி

கேள்வி | காட்பாடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காட்பாடிக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் ஐ.நா. பொதுச்சபை பற்றிய பாடத்தில், உறுப்பு நாடுகள் 193க்கும் வாக்கு ஒன்றுதான், நாடு பெரிதா சிறிதா என்பது அங்கே கணக்கில்லை என்று சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டாகப் பசிபிக் கடலில் உள்ள துவாலுவின் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். மக்கள் தொகை ஏறத்தாழ 11,000, நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர் என்றும் பக்கத்தில் குறித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மிஸ், எங்க ஊர்லயே அதைவிட ஜனம் அதிகம். எங்களுக்கும் ஐ.நா.வுல ஒரு ஓட்டு குடுப்பாங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் 2019இல் நம் வேலூர் மக்களவைத் தொகுதியில் வெற்றியைத் தீர்மானித்த வாக்கு வித்தியாசமே 8,141 என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் மற்றொரு மாணவன் எழுந்தான். ஆண்டுக்கு 280 பேருக்குக் குடியேற்ற உரிமை தருவதாகச் சொல்லி ஆஸ்திரேலியா துவாலுவோடு ஓர் உடன்படிக்கை செய்திருக்கிறது, இனி வேறு நாட்டோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்ய வேண்டுமென்றால் துவாலு ஆஸ்திரேலியாவின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று செய்தித்தாளில் படித்ததாகச் சொல்லி, "அப்படியானால் அந்த ஓட்டு யாருடையது?" என்று கேட்டான். நான் அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். நவூரு, மாலத்தீவு, சாலமன் தீவுகள் என்று எங்கே பார்த்தாலும் ஒரு பெரிய நாட்டின் பணமும் கப்பலும் பின்னால் நிற்கின்றன. இந்த நாடுகளின் இறையாண்மை உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது விலைக்குப் போய்விட்டதா? பிள்ளைகளுக்குப் பாதி உண்மையைச் சொல்லிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 | ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஆர்க்காடு

சகோதரி அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவன் செய்தியைச் சரியாகத்தான் படித்திருக்கிறான், ஆனால் செய்தி உடன்படிக்கையின் ஒரு பகுதியை மட்டுமே சொன்னது. 2023 நவம்பரில் குக் தீவுகளில் நடந்த பசிபிக் தலைவர்கள் மாநாட்டின்போது கையெழுத்தாகி, 2024 ஆகஸ்ட் 28இல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கைக்கு 'ஃபலேபிலி' என்று பெயர். பக்கத்து வீட்டார் ஒருவருக்கொருவர் காட்டும் பரிவையும் பொறுப்பையும் குறிக்கும் துவாலு மொழிச் சொல் அது. இயற்கைப் பேரிடர், கொள்ளைநோய், படையெடுப்பு ஆகியவற்றில் துவாலு கேட்டால் ஆஸ்திரேலியா உதவ வேண்டும். ஆண்டுக்கு 280 பேர் அங்கே சென்று நிரந்தரமாக வாழலாம், வேலை செய்யலாம், படிக்கலாம், வேண்டும்போது ஊருக்குத் திரும்பியும் வரலாம். பதிலுக்கு, பாதுகாப்பு தொடர்பாகத் துவாலு மற்றொரு நாட்டோடு செய்யும் ஏற்பாட்டுக்கு ஆஸ்திரேலியாவின் ஒப்புதல் வேண்டும். இதில் காவல்துறை, எல்லைக் காவல் மட்டுமல்ல, துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் போன்றவையும் அடங்கும். உங்கள் மாணவனுக்கு உறுத்தியது இந்த வரிதான். எனக்கும் உறுத்துகிறது.

ஆனால் இதே உடன்படிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்து நிலம் பாதிக்கப்பட்டாலும் துவாலு ஒரு நாடாகத் தொடர்ந்து நீடிக்கும், அதன் இறையாண்மை அழியாது என்று ஆஸ்திரேலியா அதில் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. நாட்டின் எந்த இடமும் கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் உயரமில்லாத ஒரு மக்களுக்கு இந்த வரி எவ்வளவு பெரிது என்பதைப் பாலாற்று மணலில் நின்றுகொண்டு நாம் எளிதில் உணர முடியாது. துவாலு 2023இலேயே தன் அரசியலமைப்பைத் திருத்தி, நிலம் போனாலும் நாடு நிலைக்கும் என்று எழுதிக்கொண்டது. நமக்கு நாமே எழுதிக்கொள்வது வேறு, பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வது வேறு.

நம் ஊர்ப் பத்திர மொழியில் சொன்னால், விற்பனை என்பது கிரயம். கிரயம் முடிந்த நிலத்தில் விற்றவன் மறுபடி கால் வைக்க முடியாது. ஃபலேபிலியிலிருந்து இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் 12 மாத முன்னறிவிப்பு கொடுத்து வெளியேறலாம் என்பதால் இதைக் கிரயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, குத்தகை என்றே சொல்வேன். குத்தகையிலும் ஏமாறுகிறவன் உண்டு, ஆனால் நிலம் அவன் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். துவாலுவில் அரசியல் கட்சிகள் கிடையாது. 8 தீவுகள் தீவுக்கு இருவராக 16 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. 2024 ஜனவரித் தேர்தலில், இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிரதமர் கௌசியா நட்டானோவே தம் இடத்தை இழந்தார். வெளித்தீவுகளில் வென்ற உறுப்பினர்கள் மோசமான வானிலையால் தலைநகர் ஃபுனாஃபுட்டிக்குப் படகில் வந்து சேர முடியாமல், புதிய பிரதமரைத் தேர்ந்தெடுப்பதே ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. பிறகு போட்டியின்றிப் பிரதமரான ஃபெலெட்டி தியோவின் அரசு, மக்களைப் போதிய அளவு கலந்துகொள்ளாமல் இது கையெழுத்தானது என்று வெளிப்படையாகச் சொல்லி, மறுபடி ஆராய்ந்து, அதன் பின்னரே உடன்படிக்கையை ஏற்றது. 2025இல் அந்த 280 இடங்களுக்கு முதல் குலுக்கல் நடந்தபோது குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிவு செய்தார்கள். இது நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. இந்த எண்ணிக்கையை நம்பிக்கை என்றும் படிக்கலாம், அச்சம் என்றும் படிக்கலாம். இரண்டும் கலந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஓட்டு யாருடையது என்ற கேள்விக்கு நேர்ப் பதிலும் உண்டு. சீனாவை அங்கீகரிக்கும் நாடு தைவானோடு தூதரக உறவு வைக்க முடியாது. ஆஸ்திரேலியா பெய்ஜிங்கை, அதாவது சீனாவை, அங்கீகரிக்கும் நாடு. துவாலுவோ இன்றுவரை தைவானோடுதான் தூதரக உறவு வைத்திருக்கிறது. ஓட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதென்றால் இது எப்படி நடக்கும்?

நிலத்தை மட்டும் பார்த்து இவர்களைச் சிறியவர்கள் என்று எண்ணுவதும் தவறு. 1982 கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனும் கனிமமும் அந்நாட்டுக்கே உரியவை. 26 சதுர கிலோமீட்டர் நிலமுள்ள துவாலுவுக்கு ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலான கடல் இருக்கிறது. கிரிபாட்டிக்கு இருப்பது சுமார் 35 லட்சம், அதாவது இந்தியாவின் நிலப்பரப்பையும் விஞ்சும் கடல். முன்பு பெரிய நாடுகளின் கப்பல்கள் ஒவ்வொரு தீவிடமும் தனித்தனியே பேரம் பேசி, சூரை மீனை அள்ளிக்கொண்டு சொற்பக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுப் போயின. நவூரு ஒப்பந்தத்தின் கீழ் 8 நாடுகள் ஒன்றுசேர்ந்து, 2007இல் ஒரு கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்க இவ்வளவு என்று நாள் கணக்கில் உரிமம் விற்கும் முறையைக் கொண்டுவந்தன. பின்னர் ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் என்று விலையும் வைத்தன. 2010இல் 6 கோடி டாலர் அளவில் இருந்த கூட்டு வருமானம் பத்தாண்டுக்குள் 50 கோடி டாலரை நெருங்கியது. தனியாக நின்றபோது கையேந்தியவர்கள் சேர்ந்து நின்றபோது விலை சொன்னார்கள். இறையாண்மை இல்லாத ஊரால் இதைச் செய்ய முடியாது. உங்கள் மாணவியின் ஊருக்கு ஏன் ஐ.நா.வில் ஓட்டு இல்லை என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

பதில் 2 | குடியாத்தம், முன்பு மாலத்தீவில் கணித ஆசிரியர்

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் மாலத்தீவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஆறு ஆண்டுகள் அங்கே ஒரு தீவுப் பள்ளியில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில்.

2014 டிசம்பர் 4ஆம் தேதி தலைநகர் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருவதற்காக நான் அப்போது மாலேயில் ஒரு நண்பரின் நான்காம் மாடி வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறியது. அந்த ஊரில் கிணற்று நீர் உப்பேறிப் போனது, ஆறோ ஏரியோ கிடையாது. நிலையம் நின்றால் ஒரு லட்சம் பேருக்கும் மேல் குடிக்க நீரில்லை. கடைகளில் புட்டிகள் தீர்ந்த பிறகு, மக்கள் வரிசையில் நின்று வாங்கிய தண்ணீரைத் தோளில் சுமந்து குறுகிய படிகளில் ஏறினார்கள். ஒன்றரை லிட்டர்ப் புட்டி ஒன்றை மூன்று பேர் எப்படிப் பங்கிட்டோம் என்பது இன்றும் என் கண்ணில் நிற்கிறது, அரிசி களைந்த நீரைக்கூட நாங்கள் கொட்டவில்லை.

இந்தியா உடனே விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. இலங்கையும் வங்கதேசமும் சீனாவும் அனுப்பின. தில்லியிலிருந்து கிளம்பிய நம் விமானப்படை விமானங்கள் அரக்கோணம் கடற்படை விமானத்தளம் வழியாக மாலேவுக்கு வந்தன என்று தொலைபேசியில் என் அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம அரக்கோணமா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆடி மாதத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருக்கும் வட ஆர்க்காட்டிலிருந்து கடல் நடுவே ஒரு நாட்டுக்குத் தண்ணீர் போகிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

இவ்வளவும் செய்த இந்தியாவைப் போகச் சொன்னவர்கள் நன்றி கெட்டவர்கள் என்று 2023இல் ஊரில் பலர் என்னிடம் கோபப்பட்டார்கள். "இந்தியாவே வெளியேறு" என்ற முழக்கத்தோடு முகமது முயிசு அதிபராகி, இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்குவதற்காக அங்கிருந்த சுமார் 80 இந்தியப் படையினர் 2024 மே 10க்குள் திரும்பியது உண்மைதான். ஆனால் அந்த முழக்கத்தை நன்றியின்மை என்று என்னால் எண்ண முடியவில்லை. 1988 நவம்பர் 3ஆம் தேதி, இலங்கையிலிருந்து ஆயுதம் ஏந்திய தமிழ்க் குழுவொன்றைக் கூட்டிக்கொண்டு சில மாலத்தீவுக்காரர்களே ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது, அதிபர் கயூம் கேட்டார், அன்றிரவே இந்தியப் படை வந்து இறங்கியது. அன்று அவசரத்தில் கூப்பிட்டவர்களே, 35 ஆண்டுகளுக்குப் பிறகு, அவசரம் இல்லாத காலத்தில் வேற்று நாட்டுச் சீருடை எங்கள் மண்ணில் நிரந்தரமாக ஏன் இருக்க வேண்டும் என்று கேட்பது இயல்பு. மக்களில் ஒரு பகுதியினர் அதைத் தேர்தலில் கேட்டார்கள், பதிலும் பெற்றார்கள். விமானங்கள் அங்கேயே இருந்தன, படையினர் இருந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்தே சீருடை அணியாத தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள். அதே முயிசு 2024 அக்டோபரில் தில்லிக்கு வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவியைப் பெற்றுச் சென்றார். 2025 ஜூலையில் அவர்களுடைய 60ஆவது விடுதலை நாள் விழாவுக்கு நம் பிரதமரே விருந்தினராகப் போனார். பெய்ஜிங்குக்கும் முயிசு போனார், தில்லிக்கும் வந்தார். சிறிய நாடு ஒரே வாசலில் நின்றால் அந்த வாசல் மூடிய அன்று பட்டினிதான் என்பதை அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மீனவர்கூட எனக்குச் சொல்லியிருக்கிறார்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் போனதை நினைத்துப் பாருங்கள். போனது நம் சொந்த மாநிலத் தலைநகருக்கு, அதுவும் குடிப்பதற்கு. அப்போதும் இங்கே எதிர்ப்புக் குரல் எழுந்தது. தண்ணீர் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே எப்போதும் அரசியல் இருக்கும் என்பது நமக்குத் தெரியாத செய்தி அல்ல.

பதில் 3 | வழக்கறிஞர், சத்துவாச்சாரி

மேலே உள்ள இரு பதில்களும் மதிப்புக்குரியவை, ஆனால் கிரயம், குத்தகை என்று ஆர்க்காடு ஐயா பிரித்த இடத்தில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. எங்கள் தொழிலில் பத்திரத்தின் பெயரைவிட, கையெழுத்திட்டவர் எந்த நிலையில் இட்டார் என்பதையே முதலில் பார்ப்போம். மனமொப்பி இட்டதா, மிரட்டி வாங்கியதா? இதற்கு உதாரணம் தேடி பசிபிக் வரை போக வேண்டியதில்லை. வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, அங்கே அடங்கியிருப்பவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815 மார்ச் 2இல் ஆங்கிலேயருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு தீவின் கடைசி அரசு முடிந்தது. அரசர் பிடிபட்டு இருந்தார், மக்களை யாரும் கேட்கவில்லை. அவரை நம் கோட்டைக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தார்.

150 ஆண்டுகள் கழித்து அதே வேலை இன்னும் நாகரிகமான மேசையில் நடந்தது. 1965இல், விடுதலை பெறவிருந்த மொரீஷியஸிடமிருந்து சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரிட்டன் 30 லட்சம் பவுண்டு கொடுத்துப் பிரித்துக்கொண்டது. மொரீஷியஸ் தலைவர்கள் சம்மதித்தார்கள் என்றுதான் ஆவணம் சொல்கிறது. விடுதலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட சம்மதம் அது. டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கே வாழ்ந்த மக்கள் அனைவரையும் மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் கொண்டுபோய் இறக்கினார்கள். ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் இருக்கும் நாடு மொரீஷியஸ், அதன் இந்தப் புண்ணை நாம் அறியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. 2019 பிப்ரவரி 25இல் சர்வதேச நீதிமன்றம், அந்தப் பிரிவினை மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பத்தின்படி நடக்கவில்லை, எனவே மொரீஷியஸின் விடுதலை சட்டப்படி முழுமை பெறவில்லை என்று கருத்துரைத்தது. அந்த மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸின் பக்கம் வாக்களித்தன, எதிர்த்தவை 6 மட்டுமே. எங்கள் ஊருக்கும் ஓட்டு உண்டா என்று கேட்ட மாணவிக்கு இந்த 116ஐச் சொல்லுங்கள். 2025 மே 22இல் தீவுகளை மொரீஷியஸுக்கே திருப்பித் தரும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது. டியேகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகை.

ஆனால் அந்த மேசையிலும் சாகோஸ் மக்களுக்கு நாற்காலி இல்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணைப் பற்றி மறுபடியும் இரண்டு அரசுகள் பேசுகின்றன என்று அவர்களில் சிலர், கையெழுத்தாகும் நாளன்று அதிகாலையில்கூட லண்டனில் நீதிமன்றத்தை நாடித் தற்காலிகத் தடை வாங்கினார்கள். சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது. குத்தகையாக இருந்தாலும் குடியிருந்தவரைக் கேட்காத குத்தகை அநீதிதான்.

நவூரு இன்னும் கடினமான வழக்கு. 21 சதுர கிலோமீட்டர் தீவின் பெரும்பகுதியைப் பாஸ்பேட்டுக்காக வெளிநாட்டார் தோண்டி எடுத்தார்கள். 1968இல் விடுதலை பெற்றபின் நவூருவே தோண்டியது, சில காலம் செல்வத்தில் மிதந்தது, பின்பு கையில் ஒன்றுமில்லை. 2001 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, ஆஸ்திரேலியா தன்னிடம் தஞ்சம் கேட்டு வருபவர்களை அடைத்து வைக்கும் முகாமுக்கு அந்த நாடு இடம் கொடுத்துக் காசு வாங்குகிறது. தைவானை விட்டு 2002இல் சீனாவுக்கும், 2005இல் திரும்பத் தைவானுக்கும், 2024 ஜனவரியில் மறுபடி சீனாவுக்கும் மாறியது. இதைச் சாமர்த்தியம் என்று சிலர் பாராட்டுவார்கள். வேறு விளைச்சல் எதுவும் மிஞ்சாத நிலத்தில் அங்கீகாரத்தையே விளைபொருளாக விற்க வேண்டி வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது, அந்த நிலத்தை அப்படி ஆக்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதே நவூருதான் 1989இல் ஆஸ்திரேலியாவையே சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்து, 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் பெற்றது என்பதையும் மறக்கக் கூடாது.

உங்கள் வகுப்புக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு செய்தி. 2019இல் வனுவாட்டுவில் 27 சட்ட மாணவர்கள் ஒரு வகுப்பறையில் பேசத் தொடங்கியதுதான், வனுவாட்டு அரசு கையில் எடுத்து, 2023 மார்ச் 29இல் பொதுச்சபையில் வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக நிறைவேறி, 2025 ஜூலை 23இல் பருவநிலை குறித்து நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டு என்ற சர்வதேச நீதிமன்றக் கருத்துரையாக வந்து நின்றது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி | காட்பாடி ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, எட்டு பெஞ்சுகளை எட்டுத் தீவுகளாக்கி, பெஞ்சுக்கு இருவரை மாணவர்களே தேர்ந்தெடுக்கும்படி செய்தேன். அந்தப் பதினாறு பேர் முன்னால் உட்கார்ந்து ஃபலேபிலியை ஏற்பதா, மறுப்பதா என்று விவாதித்தார்கள். ஆர்க்காடு ஐயாவின் பன்னிரண்டு மாத விவரத்தையும், வழக்கறிஞர் எழுதிய சாகோஸ் செய்தியையும் கரும்பலகையின் இரு பக்கத்திலும் எழுதி வைத்தேன். குடியாத்தம் ஐயா சொன்ன ஒன்றரை லிட்டர்ப் புட்டியைப் படித்துக் காட்டியபோது வகுப்பில் சத்தமே இல்லை.

பத்துக்கு ஆறு என்று ஏற்பதாக முடிவாயிற்று. செய்தித்தாள் படித்துக் கேள்வி கேட்ட மாணவன் ஏற்கும் பக்கம் கையைத் தூக்கினான், பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு விலகலாம் என்பதே அவன் சொன்ன காரணம். எங்கள் ஊருக்கு ஓட்டு உண்டா என்று கேட்ட மாணவி மறுத்த ஆறு பேரில் ஒருத்தி. "மிஸ், சண்டை வந்தா உதவிக்கு வர்றவங்க படையைப் பத்திக் கேட்கட்டும். எங்க துறைமுகத்தையும் கரண்ட்டையும் பத்தி ஏன் கேட்கணும்? அந்த வரியை மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நான் கை தூக்குறேன்" என்றாள். வரும் வெள்ளிக்கிழமை அந்த வரிக்கு அவளே ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வழக்கறிஞர் அவர்களுக்கு நேரம் இருந்தால் அதைப் பார்த்துத் தர முடியுமா?

பதில் 4 | வழக்கறிஞர், சத்துவாச்சாரி

மகிழ்ச்சியோடு பார்த்துத் தருகிறேன். அவள் எழுதியதை இங்கேயே இடுங்கள், ஐயாவும் படிக்கட்டும்.